கார் ஓட்டாதவருக்கு ஒரு பார்க்கிங்

என் அப்பா வாழ்நாளில் கார் ஓட்டியதில்லை. மில் வேலைக்குச் சைக்கிளில் போனார். சூப்பர்வைசர் ஆனபிறகு மொபெட்டில் போனார். முட்டி வலி வந்ததும் அதையும் விற்றுவிட்டு டவுன் பஸ்ஸில் போனார். அப்படிப்பட்ட மனிதருக்கு டெக்சாஸில் சட்டப்படி ஒரு பார்க்கிங் இடம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பக்கவாட்டில், ஒரு ஓக் மரத்தை ஒட்டி. இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

நாங்கள் முதலில் இருந்தது கலிபோர்னியாவில், மில்பிடாஸில். இரண்டு பேர் சம்பாதித்தும் அபார்ட்மெண்டுக்கு மேல் கனவு காண முடியாத ஊர். "டெக்சாஸ் போயிடலாம், அங்க வீடு கட்டுப்படியாகும்" என்று என் வீட்டுக்காரர் ஆரம்பித்தபோது எங்கள் நண்பர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அங்கே ரவுண்ட் ராக் என்ற ஊர்ப் பக்கம் போய்விட்டிருந்தார்கள். நாங்கள் கிளம்புவதற்குள் ரவுண்ட் ராக்கும் கைக்கு எட்டவில்லை. அதையும் தாண்டி வடக்கே ஒரு சின்ன ஊரில் வாங்கினோம். ஊர்ப் பெயர் எதற்கு? எல்லாருக்கும் கட்டுப்படியாகும் நகரம், சிறிய வீடுகளை வரவேற்கிறோம் என்று அந்த ஊர் நிர்வாகம் தன் வலைத்தளத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வரவேற்பு எப்படி இருக்கும் என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீடு மாடி வீடு. படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே ஹால், சமையலறை, கை கழுவவும் அவசரத்துக்குப் போகவும் ஒரு சின்ன பாத்ரூம். குளிப்பதென்றால் மாடி ஏறவேண்டும். வாங்கும்போது இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. அப்போது அம்மா இருந்தாள். அவர்கள் இரண்டு பேரும் கோவையில் பீளமேட்டில் வாடகை வீட்டில் தங்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

அம்மா போனபிறகு அப்பா தனி ஆள். நான் ஒரே பெண். நான் சிட்டிசன் ஆனதும் அவருக்கு கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணினோம். பண்ணும்போதே தெரியும், சண்டை அமெரிக்க அரசாங்கத்தோடு அல்ல, அப்பாவோடுதான் என்று. போனில் பேச்செடுத்தாலே ஒரே பதில்.

"பொண்ணைக் குடுத்த ஊட்டுல, வந்தமா, ரெண்டு நாள் இருந்தமா, கௌம்புனமான்னு இருக்கோணும் அம்மிணி. அங்கயே பாயைப் போட்டுப் படுத்துட்டா நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"எந்த நாலு பேருங்கப்பா? இங்க எதுத்த ஊட்டுக்காரர் பேரே எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியுமல்ல."

பிடித்த பிடியில் நின்றார். அவருக்குச் சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு. ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, பால்காரர் வந்து கதவைத் தட்டும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார். அதை எனக்குச் சொன்னதுகூட அந்தப் பால்காரர்தான். அன்றைக்கு நான் ஆபீஸ் போகவில்லை. அப்பாவை எப்படியாவது என் கண்ணெதிரே கொண்டுவந்துவிட வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று இருந்தது.

வழி சொன்னவர் என் வீட்டுக்காரர். அவர் சென்னைக்காரர். எங்கள் கொங்கு நாட்டு ரோஷமெல்லாம் அவருக்குப் பாதி புரியும், பாதி வேடிக்கை. ஆனால் அன்று சரியான இடத்தில் கை வைத்தார். "பின்னாடி காலி இடம் சும்மாதானே கிடக்கு? மாமாவுக்குத் தனியா குட்டியா ஒண்ணு கட்டிடலாம். தனிக் கதவு, தனி பாத்ரூம், தனி கிச்சன். அப்போ அது மாப்பிள்ளை வீடு இல்லை. அவர் வீடு."

தமிழில் சின்ன வீடு என்று சொல்ல எல்லாருக்கும் கூச்சம். நண்பர்கள் ஏற்கெனவே என் வீட்டுக்காரரை ஓட்ட ஆரம்பித்திருந்தார்கள். அதனால் டைனி ஹோம் என்றே பேசினோம். அப்பாவிடம் போனில் சொன்னேன். உடனே கேட்டார்.

"அடுப்பு தனியா இருக்குமா?"

"இருக்குங்கப்பா."

"நானே காப்பி வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்."

"அப்பச் சரி. நான் மாப்பிள்ளைக்கும் ஒரு டம்ளர் குடுப்பேன்." அவர் குரலில் அப்படி ஒரு தெம்பை நான் அம்மா போனபிறகு கேட்டதே இல்லை.

ஆக, எல்லாம் அந்த அடுப்பில் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஊர் நிர்வாகத்துக்கும் எல்லாம் அதே அடுப்பில்தான் இருந்தது.

அனுமதி கேட்கப் போனபோது, அங்கே கவுண்டரில் இருந்த பெண் ரொம்பப் பொறுமையாக விளக்கினாள். பின்புறம் கட்டுகிற அறையில் அடுப்பு இல்லையென்றால் அது வெறும் அறை. அடுப்பு இருந்தால் அது தனிக் குடியிருப்பு. தனிக் குடியிருப்பு என்றால் அதற்குத் தனியாக ஒரு பார்க்கிங் வேண்டும். தெருவில் நிறுத்துவது கணக்கில் வராது. எங்கள் காருக்குப் பின்னால் நிறுத்துவதும் வராது. என் அப்பாவுக்கு கார் ஓட்டத் தெரியாது, இனிமேல் கற்றுக்கொள்ளப் போவதும் இல்லை என்றேன். அவள் சிரித்தபடி, விதி ஆளுக்கு அல்ல, அடுப்புக்கு என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னாள்.

பார்க்கிங் போடலாம் என்றால், போடக்கூடிய ஒரே இடம் பக்கவாட்டுச் சந்து. சந்தின் நடுவே ஓக் மரம். அத்தனை பருமனான மரத்தை இந்த ஊரில் வெட்டக்கூடாது, வேர்மேல் கான்கிரீட் போடவும் கூடாது. ஒரு மேஜையில் பார்க்கிங் இல்லாமல் வீடு கிடையாது என்றார்கள். அடுத்த மேஜையில் மரத்தைத் தொட்டால் அபராதம் என்றார்கள். இரண்டு மேஜைக்கும் நடுவே பத்தடி தூரம்கூட இருக்காது. ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

இந்த நேரத்தில்தான் அந்த பில்டர் வந்து சேர்ந்தார். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ, "நம்ம ஆளு" என்று சொல்லி நம்பர் கொடுத்தார்கள். நம்ம ஆளு என்று சொல்லிவிட்டால் போதும், நம் ஜனங்களுக்கு வேறு விசாரணையே கிடையாது. மதுரைப் பக்கத்துக்காரர். சாஃப்ட்வேர் வேலை போனதும் வீடு கட்டும் தொழிலில் இறங்கியவர். பேச்சில் தேன் ஒழுகும்.

"அக்கா, நீங்க ஏன் மண்டையை உடைக்கிறீங்க? பிளான்ல அடுப்பைக் காட்ட வேண்டாம். ஹாபி ரூம்னு போட்டுருவோம். உள்ளுக்குள்ள லைன் எல்லாம் இழுத்து மூடி வச்சிர்றேன். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்ச அடுத்த நாள் நானே வந்து அடுப்பை மாட்டித் தர்றேன். இங்க பாதிப் பேரு இப்படித்தான்க்கா பண்றாங்க."

என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். நான் யோசிக்கவில்லை. அப்பாவின் விசா வந்துவிட்டது. பீளமேட்டு வீட்டைக் காலி செய்து, சாமான்களை உறவுக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் சரி என்றோம்.

அப்பா ஆனி மாதத்தில் வந்து இறங்கினார். விமானத்தில் வந்த களைப்பு தீருவதற்குள் பின்பக்கம் போய்விட்டார். வேலை எல்லாம் முடிந்து பெயிண்ட் வாசனை அடித்துக்கொண்டிருந்தது. வெளியே ஒரு சுற்று சுற்றினார். சுவரைத் தட்டிப் பார்த்தார். "என்ன அம்மிணி, அட்டைப் பொட்டியாட்டம் சத்தம் வருது" என்றார். குழாயைத் திறந்து மூடினார். கதவைத் திறந்து மூடினார், மறுபடியும் திறந்து மூடினார். பிறகு சாவியை வாங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும்." அதற்குப் பிறகு மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் எங்கள் வீட்டுக்குள் வரும்போது, யார் வீட்டுக்கோ விருந்துக்கு வருகிறவர் மாதிரி வாசலில் நின்று செருமிவிட்டுத்தான் வந்தார்.

ஆனால் பால் காய்ச்சாமல் அங்கே படுக்க மாட்டார். இராத்திரி எங்கள் ஹால் சோபாவில்தான் படுக்கை. ஆனியோ முடியப்போகிறது. ஆடி பிறந்துவிட்டால் புது வீடு புகக்கூடாது, ஆவணிவரை காத்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷனோ ஆடி பிறந்தபிறகுதான் என்று பில்டர் சொன்னார். நான் அவரிடமே கேட்டேன். "பால் மட்டும் காய்ச்சிக்கோங்கக்கா, அதுல என்ன இருக்கு? சாமி காரியம்" என்றார். இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை.

நல்ல நாள் ஒரு வாரநாளில் அமைந்தது, காலை ஒன்பது மணிக்கு மேல். குழுவில் "சிம்பிளா பால் காய்ச்சறோம், ஆபீஸ் போற வழியில வந்துட்டுப் போங்க" என்று போட்டேன். சிம்பிளாக என்று போட்டால் ஒருத்தர் விடாமல் வருவார்கள் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? வந்தார்கள். ஆபீஸ் போகிற வழி என்று சொன்னதால் புருஷன் ஒரு கார், பெண்டாட்டி ஒரு கார் என்று ஜோடி ஜோடியாக வந்தார்கள். எங்கள் தெரு முட்டுத் தெரு. கொஞ்ச நேரத்தில் தெருவே அடைத்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரரின் டிரைவ்வேயை மறித்து ஒரு மினிவேன் நின்றது.

எதிர்வீட்டில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அன்று அப்படி ஒரு நாள். அந்த அம்மாவின் கணவர் வந்து எங்கள் முன்கதவைத் தட்டியிருக்கிறார். நாங்கள் எல்லாரும் பின்னால் இருந்தோம், யாரோ போனில் நாதஸ்வரம் வைத்திருந்தார்கள், ஒருவர் காதிலும் விழவில்லை. அவர் ஊர் நிர்வாகத்துக்கு போன் செய்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானாக இருந்தால் தெருவில் நின்று கத்தியிருப்பேன்.

வந்தது ஒரு பெண் அதிகாரி. தொப்பி, இடுப்பில் ஒரு ரேடியோ. நல்ல மரியாதையாகத்தான் பேசினாள். கார்களை எடுத்துவிட்டால் போதும் என்றாள். மினிவேன்காரர் பதறியடித்து ஓடினார். மற்றவர்களும் சாவியைத் தேடினார்கள். அவள் பக்கவாட்டுச் சந்தில், ஓக் மரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். காரியம் முடிந்து திரும்பியும்விட்டாள். அவ்வளவுதான், போயிருப்பாள்.

அப்பா பார்த்துவிட்டார். யூனிபார்ம் போட்ட ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு வந்து வாசலோடு திரும்புவதா? பட்டு வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முட்டி வலியோடு வேகவேகமாக நடந்து போனார்.

"கம் மேடம், கம். பிளீஸ் கம். டேக் மில்க் அண்ட் கோ."

நான் கண்ணால் ஜாடை காட்டினேன். என் வீட்டுக்காரர் "மாமா, மாமா" என்று பின்னாலேயே போனார். யார் கேட்டார்கள்? வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்பது ஒன்றுதான் அவர் மண்டையில் இருந்தது. அந்தப் பெண் முதலில் தயங்கினாள். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

உள்ளே, கேம்பிங்குக்கு வாங்கி வைத்திருந்த கேஸ் அடுப்பில் புதுப் பாத்திரத்தில் பால் ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றிச் சந்தனமும் குங்குமமும் இட்டிருந்தேன். எல்லாரும் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளிம்புவரைக்கும் வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடிதான், பொங்கிவிடும்.

"சார், யுவர் மில்க்" என்றபடி அந்தப் பெண் எட்டி அடுப்பை அணைத்துவிட்டாள்.

பால் அப்படியே அடங்கிக் கீழே போனது. நல்லது செய்ததாக நினைத்து அவள் புன்னகையோடு எங்களைப் பார்த்தாள். அவளுக்கு என்ன தெரியும்? எந்தச் சமையலறையில் யாராக இருந்தாலும் பால் வழிவதற்குள் ஓடிவந்து அணைக்கத்தான் செய்வார்கள். அப்பாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஆனாலும் வந்தவர் மனம் நோகக்கூடாது என்று உடனே சமாளித்துக்கொண்டார்.

அவள் கட்டிலைப் பார்த்தாள், பாத்திரங்களைப் பார்த்தாள், சுவரில் அடுப்புக்காக மூடி வைத்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு பேச்சுவாக்கில் கேட்பதுபோல, இது என்ன அறை என்றாள்.

என் வீட்டுக்காரர் "ஹாபி ரூம்" என்று ஆரம்பிப்பதற்குள் அப்பா நிமிர்ந்து நின்றார். மில்லில் வெளிநாட்டு பார்ட்டிகள் வரும்போது பேசிய இங்கிலீஷ் அவருக்கு மறக்கவில்லை.

"திஸ் ஈஸ் மை ஹவுஸ், மேடம். நாட் மை சன்-இன்-லா ஹவுஸ். செபரேட் ஹவுஸ். செபரேட் கிச்சன்."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் பறந்து வந்திருந்தார். சொல்லும்போது கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார்கள். அனுமதி பெற்றது அறைக்கு, கட்டியிருப்பது குடியிருப்பு, பார்க்கிங் ஏற்பாடு ஆகும்வரை யாரும் குடியிருக்கக் கூடாது. பில்டருக்கு போன் போட்டால், "ஏங்க்கா, அதுக்குள்ள உங்களை யாரு பால் காய்ச்சச் சொன்னது?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டேன். அதோடு அவர் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். நம்ம ஆளு கையைக் கழுவிக்கொண்டார்.

அப்பா தாளைப் படித்தார். "நான் அந்தம்மாவைக் கூப்புட்டிருக்கக் கூடாது" என்றார். "பால் பொங்கலையல்ல, அப்பவே எனக்குத் தெரியும்" என்றார். சாவி மட்டும் மடியிலேயே இருந்தது.

பிறகு அவர் எங்கள் வீட்டில் இருந்த மாதங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாங்கள் எழுந்து வருவதற்கு முன்னாலேயே போர்வையை மடித்து சோபாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிடுவார். அங்கே ஒருவர் படுத்திருந்த தடமே இருக்காது. ஃபிரிட்ஜைத் திறக்க மாட்டார். தண்ணீர் வேண்டுமென்றாலும் யாராவது வரும்வரை காத்திருப்பார். "மாப்பிள்ளை சாப்பிட்டாச்சா?" என்று கேட்காமல் தட்டின்முன் உட்கார மாட்டார். இரண்டாவது தோசை வைத்தால் கையை நீட்டித் தடுப்பார். என் பெண் அப்போது ஹைஸ்கூல். "தாத்தா, யூ கேன் ஹேவ் மை ரூம். ஐ டோன்ட் மைண்ட்" என்றாள். "நீ நல்லாப் படி சாமி, உன்ற ரூம் எனக்கு எதுக்கு" என்று அவள் தலையைத் தடவினார். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்தியேவிட்டேன். "இது உங்க பொண்ணு ஊடுங்கப்பா. ஏன் இப்படி அகதியாட்டம் இருக்கறீங்க?" அவர் அமைதியாகச் சொன்னார். "மாப்பிள்ளை தங்கமான மனுசன். அதனாலதான் அம்மிணி. அந்த நல்ல பேரோடயே நான் போகோணும்."

சாயங்காலமானால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுச் சந்துக்குப் போய்விடுவார். பார்க்கிங்குக்காக அளந்து, ஓக் மரத்தடியில் புல்லின்மேல் வெள்ளைப் பெயிண்டில் கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குள் நாற்காலியைப் போட்டு உட்காருவார். "இந்தக் கட்டம் எனக்குத்தானே போட்டிருக்குது?" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் எனக்கு அழுகை வரும். எதிர்வீட்டுக்காரர் கையசைப்பார், அப்பாவும் கையசைப்பார். அந்த அம்மா காரில் ஏறி டயாலிசிஸ் போய்த் திரும்புவதை இவர் பார்த்துக்கொண்டிருப்பார்.

மரத்து மேஜையும் பார்க்கிங் மேஜையும் ஒத்துப்போக வேண்டுமே. நாங்கள் புது ஆள் பிடித்து, வேர் மூச்சு விடுகிற மாதிரி கல் பதிக்கும் புது பிளான் போட்டு, கொடுத்து, திருப்பி அனுப்பி, மறுபடி கொடுத்தோம். மழைக்காலம் வந்தது. குளிர் வந்தது. கோடு அழிந்தது. அப்பா நாற்காலி போடுவதை நிறுத்தவில்லை, தலையில் மப்ளர் ஏறியது.

தன் வேட்டி சட்டையை எங்கள் மெஷினில் போடுவதில்லை அவர். மாடியில் குளிக்கும்போதே துவைத்து, ஈரத்துணி பக்கெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு படியிறங்கி, பின்பக்கம் கொண்டுபோய் உலர்த்துவார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது. ஒருநாள் காலை பக்கெட் உருளுகிற சத்தம் கேட்டது. ஓடி வந்தேன். கடைசிப் படிகளில் விழுந்து கிடந்தார். படியெல்லாம் தண்ணீர். வலது மணிக்கட்டு ஒரு தினுசாகத் திரும்பியிருந்தது. அவர் முதலில் சொன்னது, "கார்பெட்டு நனைஞ்சு போச்சு அம்மிணி."

மாவுக்கட்டு பிரித்த வாரம், ஊருக்குப் போகிறேன் என்றார். நான் அழுதேன், சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து, "மாமா, இன்னும் கொஞ்ச நாள்தான், அப்ரூவல் வந்துரும்" என்று கெஞ்சினார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "வரட்டுங்க மாப்பிள்ளை. வந்ததுக்கப்புறம் நானும் வர்றனுங்க. உங்களுக்குக் காப்பி போட்டுத் தரோணுமல்ல." விமான நிலையத்தில் காரைவிட்டு இறங்குமுன் மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். கொஞ்சம் சூடாக இருந்தது.

பீளமேட்டு வீடு போய்விட்டதே. கோவைக்கு வெளியே, மலையடிவாரத்தில் வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பு ஒன்றில் சேர்ந்தார். ஒரு அறை, ஒரு பாத்ரூம், மூலையில் சின்னதாக ஒரு சமையல் மேடை. போனில், "தனிக் கதவு அம்மிணி. அடுப்பும் வெச்சுக்கலாம். கீழ ஒரு கார் பார்க்கிங்கும் சேர்த்துக் குடுத்திருக்காங்க. கார் இல்லைன்னாலும் குடுப்பாங்களாமா" என்றார். இருவரும் சிரித்தோம். போனை வைத்துவிட்டு நான் அந்தப் பின்வீட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வசந்தகாலம் வந்து புல் தலைதூக்கியபோது இரண்டு மேஜைகளும் ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டன. கல் பதித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து அளந்து பார்த்தார். அடுப்பு மாட்டினோம். சிவப்புத் தாளைக் கிழித்து எறிந்தேன். அன்றைக்கே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"வந்துருச்சுங்கப்பா. எல்லாம் முடிஞ்சுது. அடுப்பு மாட்டியாச்சு."

"அப்படியா? நல்லது சாமி. வெயில் தணியட்டும், வர்றேன்." பிறகு, "பால் நான் வந்துதான் காய்ச்சோணும். இந்தத் தடவை யாரையும் கூப்புட வேண்டாம்" என்றார்.

நான் ஆவணிக்கு டிக்கெட் போட்டேன். ஆடி மாதத்தில் அவர் இறந்துபோனார். மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லையே என்று அந்தக் குடியிருப்பின் மெஸ்காரர்கள் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே தாழ். தனிக் கதவு அல்லவா, உடைக்க நேரமாகியிருக்கிறது.

நான் போகும்வரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். காரியமெல்லாம் முடிந்தபிறகு அறையைக் காலி செய்யப் போனேன். இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், நாலு வேட்டி. சமையல் மேடையில் ஒரு அடுப்பு, அட்டைப்பெட்டிகூடப் பிரிக்காமல். பக்கத்து அறைக்காரரைக் கேட்டேன். "அப்பா சமைக்க மாட்டாருங்க. மூணு வேளையும் மெஸ்லதான். கை நடுங்குதுன்னு சொல்லுவாரு. ஆனா வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், எனக்குத் தனி அடுப்பு இருக்குதுன்னு சொல்லுவாரு" என்றார்.

மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை என்று அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். பக்கத்து அறைக்காரர் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

இப்போது அந்தப் பின்வீடு பூட்டிக்கிடக்கிறது. வாடகைக்கு விடலாமே என்கிறார்கள் நண்பர்கள், நல்ல வாடகை வருமாம். பால் இன்னும் காய்ச்சவில்லை, எப்படி விடுவது?

என் பெண்ணுக்கு லைசென்ஸ் வந்து, ஒரு பழைய காரும் வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள் ஓட்டிக்கொண்டு வந்து, கண்ணாடியை இறக்கி, "அம்மா, கேன் ஐ பார்க் இன் தாத்தா'ஸ் ஸ்பாட்?" என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். காரைத் தெருவில், எதிர்வீட்டுக்காரரை மறிக்காமல் நிறுத்திவிட்டு வந்தாள்.

அனுமதி கொடுத்தபோது இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த இடம் பின்வீட்டில் குடியிருப்பவருக்கு மட்டும்தான். வேறு யார் காரும் நிற்கக்கூடாது. அவர் எப்போது வந்தாலும் அது காலியாக இருக்க வேண்டும்.

காலியாக வைத்திருக்கிறேன்.